கேம் ஆடும்போது மட்டும் பிசி பட்டுனு அணையுது: எந்தப் பாகம் போச்சு?

கருநிழல்

வணக்கம் நண்பர்களே. நானே அசெம்பிள் பண்ணின கேமிங் பிசி. கொஞ்ச நாளா கேம் ஆடிக்கிட்டிருக்கும்போது திடீர்னு அணைஞ்சு போயிடுது. புளூ ஸ்கிரீன் கிடையாது, எரர் மெசேஜ் கிடையாது. ஃபேன், லைட், சத்தம் எல்லாம் ஒரே நொடியில நின்னுடுது. மானிட்டர் மட்டும் சிக்னல் இல்லைன்னு காட்டிக்கிட்டு இருக்கு.

உள்ள இருக்கறது: ரைசன் 7 5800எக்ஸ் ப்ராசசர், ஆர்டிஎக்ஸ் 3080 10 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, பி550 மதர்போர்டு, 16 ஜிபி ராம் ரெண்டு (டிடிஆர்4 3600, அந்த வேகத்துக்கு ஏத்தற எக்ஸ்எம்பி ஆன்), என்விஎம்இ ஒண்ணு, சாட்டா எஸ்எஸ்டி ஒண்ணு. எஸ்எம்பிஎஸ், அதாவது பவர் சப்ளை, 750 வாட், கோல்டு, மாடுலர் (கேபிளைக் கழற்றி மாட்டலாம்). அது மட்டும் முந்தின பிசியிலிருந்து எடுத்துப் போட்டது. வாரண்டி இன்னும் இருக்கு.

பிரௌசிங், படம், வீடியோ ரெண்டரிங்னு நாள் பூரா ஓடினாலும் ஒண்ணும் ஆகறதில்ல. கார்டுக்கு முழு லோடு குடுக்கற ஃபர்மார்க் டெஸ்டை ரொம்ப நேரம் விட்டுப் பாத்தேன், அசையாம ஓடுது. கேம்லதான், அதுவும் மெனுவிலிருந்து உள்ள நுழையும்போதும் லோடிங் முடிஞ்சு காட்சி வரும்போதும் அணையுது. கார்டு 72 டிகிரி, ப்ராசசர் 75 தாண்டல. விண்டோஸ் புதுசா போட்டாச்சு. டிரைவரைச் சுத்தமா எடுத்துட்டுத் திரும்பப் போட்டாச்சு. ஈவென்ட் வியூவர்ல கெர்னல்-பவர் 41 மட்டும் இருக்கு. ஒரு பாகம்தான் இப்போதைக்கு வாங்க முடியும். எதை வாங்கலாம்?

ஃபிரேம்ரேட்

கார்டுதான் சகோ. கேம்ல மட்டும் வருதுன்னா வேற என்ன? ஃபர்மார்க் பாஸ் ஆயிடுச்சேன்னு நம்பாதீங்க, கார்டோட விஆர்எம் (சிப்புக்கு வோல்டேஜை இறக்கித் தர்ற பகுதி) பலவீனமா இருந்தா இப்படித்தான் ஆகும். கார்டுக்கு வாரண்டி இருந்தா இன்னிக்கே அனுப்பிடுங்க.

தேன்சிட்டு

இப்போதைக்கு எதையும் வாங்கவும் வேண்டாம், அனுப்பவும் வேண்டாம். பிசி எப்படி அணைகிறது என்பதை முதலில் சரியாகப் பிடிப்போம்.

கெர்னல்-பவர் 41 என்பதைப் பார்த்துப் பலர் அதையே காரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். போன முறை முறையாக ஷட்டவுன் ஆகவில்லை என்று விண்டோஸ் மறுபடி எழுந்த பிறகு எழுதி வைக்கும் குறிப்பு அது. ஓடிக்கொண்டிருக்கும்போது நீங்களே பிளக்கைப் பிடுங்கினாலும் அதே 41தான் வரும். அந்தப் பதிவின் விவரங்களுக்குள் போய் பக்செக்கோட் என்ற வரியைப் பாருங்கள். பூஜ்யம் தவிர வேறு எண் இருந்தால் புளூ ஸ்கிரீன் வந்திருக்கிறது, உங்கள் கண்ணில் படவில்லை. பூஜ்யமாக இருந்தால் விண்டோஸுக்கு எதையும் எழுதி வைக்க நேரம் கிடைக்கவில்லை. கூடவே ஹார்டுவேர் பிழைகளைக் குறித்து வைக்கும் டபிள்யூஹெச்இஏ-லாகர் என்ற பெயரில் ஏதாவது பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் 18 என்ற எண் இருந்தால் பார்வை ப்ராசசர், ராம் பக்கம் திரும்பும்.

இன்னும் சில கேள்விகள்:

அணைந்த பிறகு தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறதா, அப்படியே கிடக்கிறதா? பவர் பட்டனை அழுத்தினால் உடனே எழுந்திருக்கிறதா? அணையும்போது ஏதாவது சத்தம் கேட்கிறதா? நடுவில் யூபிஎஸ் இருக்கிறதா? கார்டுக்கு எத்தனை கேபிள் போகிறது? எத்தனை முனை என்று கேட்கவில்லை, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கிளம்பும் கேபிள் எத்தனை? ப்ராசசரின் வேகம், வோல்டேஜை மாற்றும் பிபிஓ, கர்வ் ஆப்டிமைசர் ஏதாவது மாற்றியிருக்கிறீர்களா?

கருநிழல்

பக்செக்கோட் பூஜ்யம். டபிள்யூஹெச்இஏ பதிவு ஒண்ணுகூட இல்ல. தானா ரீஸ்டார்ட் ஆகறதில்ல, அப்படியே கிடக்குது. பவர் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. பின்னாடி எஸ்எம்பிஎஸ் சுவிட்சை அணைச்சு, கொஞ்சம் விட்டுத் திரும்பப் போட்டாத்தான் உயிர் வருது. அணையும்போது கேபினெட்டுக்குக் கீழ்ப்பக்கத்துலேர்ந்து 'டக்'னு ஒரு சின்ன சத்தம். ஹெட்போன் இல்லாம ஆடினப்போதான் அது காதுல விழுந்தது.

யூபிஎஸ் இருந்தது. எடுத்துட்டு நேரா சுவர் சாக்கெட்லயே போட்டேன், அப்பவும் அணையுது. கார்டுக்கு ஒரே கேபிள்தான் போகுது, நுனியில ரெண்டு 8 பின் இருக்கற மாதிரி. ப்ராசசர்ல எதையும் தொடல.

வோல்ட்டேஜ்வாசன்

தம்பி, நான் எஸ்எம்பிஎஸ் சர்வீஸ் பாக்கறவன். நீங்க சொன்னதுல ரெண்டு விஷயம் போதும். ஒண்ணு அந்த 'டக்'. இன்னொண்ணு, பின்னாடி சுவிட்சை அணைச்சுப் போட்டாத்தான் எழுந்திருக்குங்கறது.

எஸ்எம்பிஎஸ் உள்ள பாதுகாப்பு சர்க்யூட்டுகள் இருக்கு. கரண்ட் அளவு மீறினா, மொத்த வாட் அளவு மீறினா, வோல்டேஜ் கீழ இறங்கினா, ஷார்ட் ஆனா, எல்லா அவுட்புட்டையும் அணைச்சுப் பூட்டிக்கும். அந்தப் பூட்டு பல சப்ளைகள்ல மெயின்ஸை எடுத்து உள்ள இருக்கற கெபாசிட்டர் வடிஞ்ச பிறகுதான் திறக்கும். உங்க பட்டன் வேலை செய்யாததுக்குக் காரணம் அதுதான். உள்ள இருக்கற ரிலே விடுபடற சத்தம்தான் அந்த 'டக்'.

ராம் கெட்டா புளூ ஸ்கிரீன் வரும், கேம் கிராஷ் ஆகும், இல்ல உறைஞ்சு நிக்கும். கார்டோ டிரைவரோ விழுந்தா திரை கருத்துப்போகும், ஆனா ஃபேன் சுத்திக்கிட்டே இருக்கும். சில நேரம் கார்டு ஃபேன் முழு வேகத்துல அலறும். மெயின்ஸ்ல தடுமாற்றம்னா பெரும்பாலும் தானா ரீஸ்டார்ட் ஆகும். யூபிஎஸ்தான் விழுந்ததுன்னா அதுல மாட்டின மானிட்டரும் சேர்ந்து அணைஞ்சிருக்கும். உங்க மெஷின் விழற விதம் இது எதுலயும் சேரல.

ஒரு விஷயத்தை இப்பவே சொல்லிடறேன். பாதுகாப்பு சர்க்யூட் வேலை செஞ்சதுன்னுதான் இதுலேர்ந்து தெரியும். ஏன் செஞ்சதுன்னு தெரியாது. சப்ளை தளர்ந்திருக்கலாம், இல்ல கார்டோ போர்டோ அளவுக்கு மேல இழுக்கலாம். அதைத்தான் இனிமே பிரிச்சுப் பாக்கணும்.

ஃபிரேம்ரேட்

அண்ணா, 5800எக்ஸ் அதிகபட்சம் 142 வாட், 3080 320 வாட். ரெண்டும் சேர்ந்தாலே 462. ஃபேன், டிஸ்க், போர்டு எல்லாம் போட்டாலும் 550 தாண்டாது. 750 வாட் சப்ளைக்கு இது என்ன பெரிய லோடு? அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரை பண்றதே 750தான். அதோட ஃபர்மார்க்ல முழு லோடு குடுத்தும் அணையலையே.

வோல்ட்டேஜ்வாசன்

நல்ல கேள்வி. பதில் ஃபர்மார்க்லயே இருக்கு.

ஃபர்மார்க் ஒரே சீரான லோடு. கார்டு தன் பவர் லிமிட்டுல போய் முட்டி அங்கேயே நிக்கும். 320ன்னா 320. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இது ரொம்பச் சுலபமான வேலை. கேம் அப்படி இல்ல. லோடிங் திரையில கார்டு சும்மா கிடக்கும், அடுத்த ஃபிரேம்ல முழுசா எழுந்திருக்கும். எஃப்பிஎஸ் கட்டுப்பாடு இல்லாத மெனுல நூத்துக்கணக்குல ஃபிரேம் வரையும். இந்த ஏத்த இறக்கத்துல கார்டு 320ஐக் கணிசமாத் தாண்டி ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவான நேரம் இழுத்துட்டு இறங்கும். நீங்க திரையில பாக்கற 320 சராசரி. சென்சர் மென்பொருள் ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை படிக்குதுன்னா இந்தத் துள்ளல் அதுல தெரியவே தெரியாது. பெரிய மோட்டார் போடற நொடியில வீட்டு லைட் மங்கித் திரும்புமே, அதே சங்கதிதான்.

2020ல அந்தத் தலைமுறைக் கார்டுகள் வந்தப்போ நல்ல சப்ளைகள்கூட இதனால பூட்டிக்கிச்சு. 2022ல வந்த ஏடிஎக்ஸ் 3.0ங்கற சப்ளை விதிமுறையில இதுக்குன்னே விதி எழுதினாங்க. 450 வாட்டுக்கு மேல, 16 பின் இணைப்போட வர்ற சப்ளை, 100 மைக்ரோ செகண்டுக்குத் தன் அளவுல ரெண்டு மடங்கைத் தாங்கணும். உங்களுது அதுக்கு முந்தின டிசைன்.

இன்னொண்ணு வயசு. உள்ள இருக்கற எலக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர் சூட்டுல வருஷக்கணக்கா இருந்தா கொள்ளளவு குறையும், உள் மின்தடை கூடும். புதுசா இருந்தப்போ தாங்கின துள்ளலை அப்புறம் தாங்காது. சீரான லோடுல எந்த வித்தியாசமும் தெரியாது. முந்தின பிசியில என்ன கார்டு போட்டிருந்தீங்க?

கருநிழல்

அதுல ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர், அண்ணா. ஒரு தடவைகூட அணைஞ்சதில்ல. அதனாலதான் எஸ்எம்பிஎஸ் மேல எனக்குச் சந்தேகமே வரல.

தேன்சிட்டு

1660 சூப்பர் 125 வாட் கார்டு. அதில் ஒழுங்காக ஓடியது என்பது 3080 விஷயத்தில் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது.

முதலில் செலவில்லாத இரண்டு சோதனைகள் செய்யுங்கள். ஒவ்வொன்றாக. இரண்டையும் சேர்த்துச் செய்து பிரச்சினை போய்விட்டால் எதனால் போனது என்று தெரியாது, பழையபடி கிளம்பிய இடத்துக்கே வருவீர்கள். அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு: எந்தக் கேமில், எந்த இடத்தில் போனால் நிச்சயமாக அணைகிறது என்று கண்டுபிடியுங்கள். கூப்பிட்டால் வரும் கோளாறைச் சரிசெய்து விடலாம். எப்போதாவது வரும் கோளாறு போய்விட்டதா, தூங்குகிறதா என்றே தெரியாது.

முதல் சோதனை கேபிள். எஸ்எம்பிஎஸ் பெட்டியில் வந்த இன்னொரு பிசிஐஇ கேபிள் (கார்டுக்குப் போவது) இருக்கும். கார்டின் ஒவ்வொரு 8 பின்னுக்கும் தனிக் கேபிள் கொடுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் சென்சர் அளவுகளைக் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் கார்டின் 8 பின் இன்புட் வோல்டேஜ் என்ற வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். மதர்போர்டு காட்டும் 12 வோல்ட் பல போர்டுகளில் நம்பும்படி இருக்காது. கார்டு தன் வாசலில் அளக்கும் கணக்கு அதைவிட மேல்.

இரண்டாவது, கார்டின் அமைப்பை மாற்றும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்கி அதே இடத்தில் ஆடிப் பாருங்கள்.

புதுமுகம்23

எனக்கும் இதே பிரச்சினை! கேம் ஆடும்போது ரீஸ்டார்ட் ஆகுது. புளூ ஸ்கிரீன்ல ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட்னு வருது, அடுத்த தடவை ஐஆர்க்யூஎல்னு ஏதோ வருது, இன்னொரு தடவை வேற பேரு. நேத்து கேம் ஃபைல் வெரிஃபை பண்ணினா கரப்ட்னு சொல்லுது. நானும் எஸ்எம்பிஎஸ் மாத்தணுமா?

தேன்சிட்டு

வேண்டாம். உங்களுடையது வேறு நோய். ஒவ்வொரு முறையும் ஸ்டாப் கோடு மாறி மாறி வருவதும், ஃபைல்கள் கெடுவதும் ராம் பக்கம் கை காட்டுகின்றன. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ யூஎஸ்பியில் போட்டு, இப்போது இருக்கும் அதே எக்ஸ்எம்பி அமைப்போடு நாலு சுற்றும் முழுதாக ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், ஒன்றுதானே என்று விட முடியாது.

பிழை வந்தால் எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். அது ஓவர்கிளாக்தான். ராம் பெட்டியில் 3600 என்று போட்டிருந்தாலும், 5000 வரிசை ரைசனுக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 3200. அணைத்தும் பிழை வந்தால் ஒரு ஸ்டிக்கை மட்டும், ப்ராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் மற்ற ஸ்டிக். ஒரு குறிப்பிட்ட ஸ்டிக் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை தந்தால் ஸ்டிக் கெட்டது. எந்த ஸ்டிக்கைப் போட்டாலும் ஒரு ஸ்லாட் மட்டும் பிழை தந்தால் ஸ்லாட், அல்லது ப்ராசசர் பின், அல்லது கூலரை ஒரு பக்கமாக இறுக்கியது. ராம் சரியாகும்வரை விண்டோஸைப் புதிதாகப் போடாதீர்கள். கெட்ட ராம் வழியாகப் போகும் ஃபைல் கெட்டுத்தான் டிஸ்க்கில் இறங்கும்.

ஃபிரேம்ரேட்

ப்ராசசரை ஏன் யாரும் சந்தேகப்படல? 13900கே, 14900கே வெச்சிருந்தவங்க கேம்ல அவ்வளவு கிராஷ் பாத்தாங்களே.

தேன்சிட்டு

அது இன்டெல் 13, 14ஆம் தலைமுறை விவகாரம். மைக்ரோகோடு தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டதால் ப்ராசசர் நாளடைவில் நலிந்தது. 2024இல் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு 0எக்ஸ்129 மைக்ரோகோடை விட்டது, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அவர்களுக்கு ஷேடர் கம்பைல் ஆகும்போது வீடியோ மெமரி போதவில்லை என்ற பொய்ப் பிழையோடு கேம் டெஸ்க்டாப்புக்கு விழும். மெஷின் உயிரோடு இருக்கும். கருநிழலுக்கு மெஷினே செத்துக் கிடக்கிறது, ப்ராசசரும் வேறு.

கருநிழல்

சோதனை பண்ணிட்டேன். அணையற இடத்தைப் பிடிச்சாச்சு: ஒரு கேம்ல மழை பெய்யற ஊருக்குள்ள ஃபாஸ்ட் டிராவல் பண்ணினா லோடிங் முடியற நொடியில கண்டிப்பா அணையுது. இனிமே எல்லாத்தையும் அங்கேயேதான் பாக்கறேன்.

ஒரே கேபிள் இருக்கும்போது கார்டு இன்புட் வோல்டேஜ் சும்மா இருக்கறப்போ 12.08, லோடுல 11.71. தனித்தனிக் கேபிள் போட்ட பிறகு லோடுல 11.88. முன்னைவிடத் தள்ளித் தள்ளி அணையுது, ஆனா அணையறது நிக்கல. பவர் லிமிட் 70 வெச்சா அணையவே மாட்டேங்குது. லிமிட்டைத் திரும்ப 100க்கு ஏத்தினா மறுபடி அணையுது. அப்ப எஸ்எம்பிஎஸ்தானே?

வோல்ட்டேஜ்வாசன்

அந்த 11.71ஐக் கவனிங்க. விதிப்படி 12 வோல்ட் லைன் 11.4க்குக் கீழ போகக்கூடாது, அதனால எண் பாக்கறதுக்குச் சரியாத்தான் இருக்கு. ஆனா அதுவும் சராசரி. துள்ளல் நேரத்துல எவ்வளவு இறங்கிச்சுன்னு ஆஸிலோஸ்கோப் வெச்சாத்தான் தெரியும், மல்டிமீட்டருக்கு அந்த வேகம் கிடையாது.

கேபிள் கணக்கும் சரியா வருது. கார்டு இழுக்கற 320ல ஸ்லாட் வழியா ஒரு பங்கு போக, சுமார் 250 வாட் கேபிள்ல வரும். 12 வோல்ட்ல அது 21 ஆம்பியர். 8 பின் கேபிள்ல 12 வோல்ட் கம்பி மூணுதான். ஆளுக்கு 7 ஆம்பியர். 18 கேஜ் கம்பி மீட்டருக்குச் சுமார் 21 மில்லி ஓம். 60 சென்டிமீட்டர்னா போக 0.09 வோல்ட், தரைக்கம்பி வழியா திரும்பி வர இன்னொரு 0.09. ஒரே கேபிள்ல 0.18 வோல்ட் கம்பியிலேயே போயிடுது. ரெண்டு கேபிள் போட்டா அதுல பாதி. மீதி உங்க மீட்சி, கனெக்டர் முனைகள்ல சூடா வீணான பங்கு குறைஞ்சதால வந்தது. ரெண்டு கேபிளையும் அப்படியே விட்டுடுங்க, எஸ்எம்பிஎஸ் எதுவா இருந்தாலும் இந்த மாதிரிக் கார்டுக்கு அதுதான் சரி.

ஃபிரேம்ரேட்

ஒரு நிமிஷம். பவர் லிமிட் இறக்கினா நின்னுடுதுன்னா அது எஸ்எம்பிஎஸ்னு எப்படி ஆகும்? கார்டோட விஆர்எம்ல ஒரு ஃபேஸ் கெட்டிருந்தாலும் லிமிட் இறக்கினா நிக்கும். கெட்ட கார்டு நல்ல எஸ்எம்பிஎஸ்ஸையும் பூட்ட வைக்குமே.

தேன்சிட்டு

சரியான ஆட்சேபம். இந்த இழையில் இதுவரை வந்ததில் இதைத்தான் முக்கியமானதாக நினைக்கிறேன். பவர் லிமிட் சோதனை, கோளாறு கார்டு இழுக்கும் கரண்டோடு சம்பந்தப்பட்டது என்று மட்டும் சொல்கிறது. இழுப்பவன் தவறா, கொடுப்பவன் தவறா என்று சொல்லவில்லை. ராம், டிஸ்க், விண்டோஸ் எல்லாம் வெளியே போய்விட்டன, அவ்வளவுதான் நாம் முன்னேறியது.

இதைப் பிரிக்க இரவல் பாகம் வேண்டும். கார்டை நண்பர் மெஷினில் போட்டுப் பார்க்கலாம். அங்கே அணைந்தால் கார்டுதான் கெட்டது என்று ஏறக்குறைய முடிவு கட்டலாம். அணையாவிட்டால்தான் சிக்கல். அவரிடம் 1000 வாட் சப்ளை இருந்தால், கெட்ட கார்டையும் அது தாங்கிக்கொண்டிருக்கக்கூடும். இதைவிடத் தெளிவானது, இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை உங்கள் மெஷினில் போடுவது. முடிந்தால் அதே 750 வாட். நின்றால் மட்டும் போதாது, பழையதைத் திரும்பப் போட்டு மறுபடி அணைகிறதா என்றும் பார்க்க வேண்டும். பாகத்தைக் கழற்றி மாட்டும்போது தளர்ந்திருந்த கனெக்டர் தானாகவே சரியாகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. பழையது திரும்ப வந்து கோளாறும் திரும்ப வந்தால்தான் குற்றம் நிரூபணம்.

வோல்ட்டேஜ்வாசன்

இரவல் எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது அதோட கேபிள்களையும் சேர்த்து வாங்குங்க தம்பி. உங்க பழைய கேபிள் அதுல பொருந்துதேன்னு மாட்டிடாதீங்க. இதை வேலை முடிஞ்சதும் விரிவாச் சொல்றேன், இப்போதைக்கு இந்த ஒரு சொல்லைக் கேளுங்க.

எஸ்எம்பிஎஸ் மூடியைத் திறந்து பாக்கற எண்ணம் வந்தா அதையும் விட்டுடுங்க. மெயின்ஸ் பக்கத்து பெரிய கெபாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும். பிளக்கை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். எங்களை மாதிரி அதையே தொழிலாப் பாக்கறவங்களும் முதல்ல டிஸ்சார்ஜ் பண்ணாம விரலை உள்ள விடமாட்டோம்.

கருநிழல்

நண்பன் ஒருத்தன்கிட்ட 750 வாட் எஸ்எம்பிஎஸ் கிடைச்சது, வேற கம்பெனி. அதோட கேபிள்களையே போட்டேன். கார்டுக்கு ரெண்டு தனிக் கேபிள், பவர் லிமிட் 100.

மழை ஊருக்குள்ள போனேன். அணையல. வெளிய வந்து திரும்பப் போனேன். அணையல. எஃப்பிஎஸ் கட்டுப்பாட்டை எடுத்துட்டு மெனுல விட்டுட்டு வந்தேன், அசையல. சாயங்காலம் பூரா ஆடினேன்.

அப்புறம் அக்கா சொன்ன மாதிரி பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் திரும்ப மாட்டினேன். அதே ஊர், லோடிங் பார் முடிஞ்சு முதல் காட்சி வர்ற இடத்துல 'டக்'. பட்டன் வேலை செய்யல. முழுசையும் போன்ல வீடியோ எடுத்து வெச்சிருக்கேன்.

ஃபிரேம்ரேட்

அப்ப எஸ்எம்பிஎஸ்தான், சந்தேகமே இல்ல. கார்டை அனுப்பியிருந்தா பிழையில்லைன்னு திருப்பி அனுப்பியிருப்பாங்க, சகோ அதுவரைக்கும் கார்டு இல்லாம உக்காந்திருக்கணும். வாரண்டி இருக்கே, கிளெய்ம் போடுங்க.

வோல்ட்டேஜ்வாசன்

கிளெய்ம் போடும்போது 'கேம்ல அணையுது'ன்னு மட்டும் எழுதாதீங்க. அப்படி எழுதினா சர்வீஸ்ல ஒரு டெஸ்டர்ல மாட்டிப் பச்சை லைட் வருதான்னு பாப்பாங்க. அதுல லோடே கிடையாது. இந்த மாதிரிக் கேஸ் அங்க நிச்சயம் பாஸ் ஆகும். இப்படி எழுதுங்க: எந்த ப்ராசசர், எந்தக் கார்டு, தனித்தனி பிசிஐஇ கேபிள். லோடு திடீர்னு ஏறும்போது பாதுகாப்பு பூட்டுது, மெயின்ஸை எடுத்தாத்தான் விடுது. கார்டு பவர் லிமிட் 70 சதவீதத்துல பூட்டல. அதே 750 வாட் வேற சப்ளை அதே மெஷின்ல பூட்டல, இதைத் திரும்பப் போட்டா பூட்டுது. வீடியோ இணைப்பு. இவ்வளவு எழுதினா லோடு பெஞ்சுல போட்டுப் பாக்கறதைத் தவிர அவங்களுக்கு வேற வழி இல்ல.

புதுமுகம்23

தேன்சிட்டு அக்கா, நீங்க சொன்னபடியே பண்ணினேன். எக்ஸ்எம்பி அணைச்சும் பிழை வந்தது. ஒரு ஸ்டிக் எங்க போட்டாலும் சிவப்பு சிவப்பா பிழை, இன்னொண்ணு ரெண்டு ஸ்லாட்டுலயும் சுத்தம். கெட்டதை எடுத்துட்டு ஒண்ணை மட்டும் வெச்சு ஓட்டறேன், புளூ ஸ்கிரீன் வரவே இல்ல. இப்ப விண்டோஸ் புதுசா போடலாமா?

தேன்சிட்டு

போடலாம். முதலில் விண்டோஸ் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டிப் பாருங்கள், சிறு கேடு என்றால் அதுவே சரிசெய்துவிடும். கேம் ஃபைல்களை மறுபடி வெரிஃபை பண்ணுங்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்து அனுப்புங்கள். ஜோடியாக விற்ற ராமை ஜோடியாகத்தான் மாற்றிக் கொடுப்பார்கள். ஒன்றை மட்டும் வேறு தொகுப்பிலிருந்து வாங்கிச் சேர்த்தால் எக்ஸ்எம்பி வேகத்தில் நிற்கும் என்ற உறுதி கிடையாது.

கருநிழல்

எஸ்எம்பிஎஸ் மாத்திக் குடுத்துட்டாங்க. முதல்ல டெஸ்டர்ல பாஸ்னு சொன்னாங்க. வாசன் அண்ணா எழுதச் சொன்னதையும் வீடியோவையும் காட்டின பிறகு லோடு குடுத்துப் பாத்து, கெட்டதுன்னு ஒத்துக்கிட்டாங்க. என்கிட்ட இருந்த மாடல் இப்ப தயாரிப்புலயே இல்லையாம், அதே கம்பெனியோட புதுத் தலைமுறை மாடல், 850 வாட், ஏடிஎக்ஸ் 3.0 குடுத்திருக்காங்க. எல்லாருக்கும் மனசார நன்றி. நீங்க இல்லேன்னா கார்டைத்தான் மாத்தியிருப்பேன்.

ஒரே ஒரு சந்தேகம். அதே கம்பெனிதானே, கேபினெட்ல அழகா ஓட்டிக் கட்டி வெச்சிருக்கற பழைய கேபிள்களை அப்படியே விட்டுட்டு எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாத்தலாமா? 24 பின் கேபிளைப் பிரிக்கறதுதான் பெரிய வேலையா இருக்கு.

வோல்ட்டேஜ்வாசன்

மாத்தாதீங்க தம்பி. அன்னிக்கு விரிவாச் சொல்றேன்னு சொன்னது இதுதான்.

கார்டு, போர்டு, டிஸ்க் பக்கத்து முனைக்குத்தான் பொதுவிதி இருக்கு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்கு எந்த விதியும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு எந்தப் பின்ல எது வரணும்னு வெச்சிருக்கு. ஒரே கம்பெனிக்குள்ள வரிசைக்கு வரிசையும் மாறும். பிளாஸ்டிக் உருவம் ஒண்ணா இருக்கறதால கச்சிதமாப் போய் உக்காரும், கிளிப்பும் பூட்டும். நான் பாத்ததுல அதிகமா பலியாகறது சாட்டா டிஸ்க்தான். 5 வோல்ட் வரவேண்டிய கம்பியில 12 வோல்ட் வரும், ஆன் பண்ணின கணமே எஸ்எஸ்டி செத்துடும். உள்ள இருந்த போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் அதோட போச்சு. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒண்ணும் ஆகாது, அதனால என்ன நடந்ததுன்னே பல பேருக்குப் புரியறதில்ல.

24 பின், ப்ராசசருக்குப் போற 8 பின், கார்டுக்கு ரெண்டு, சாட்டாவுக்கு ஒண்ணு. எல்லாத்தையும் உருவிட்டுப் புதுப் பெட்டியில வந்ததை மட்டும் போடுங்க. ப்ராசசர் 8 பின்னையும் பிசிஐஇ 8 பின்னையும் குழப்பிக்காதீங்க: ப்ராசசருக்குப் போறது நாலும் நாலுமாப் பிரியும், கார்டுக்குப் போறது ஆறும் ரெண்டுமாப் பிரியும். பழைய கேபிளை ஒரு கவர்ல போட்டு, மேல மாடல் பேரை எழுதி வைங்க. இல்லேன்னா தூக்கிப் போட்டுடுங்க.

கருநிழல்

சரிண்ணா, எல்லாத்தையும் உருவிட்டேன். பழைய சாட்டா கேபிளையும் புதுசையும் பக்கத்துல வெச்சுப் பாத்தேன். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில ரெண்டுலயும் ஆறு குழிதான், ஆனா பழையதுல ஒரு குழியில கம்பியே இல்ல, புதுசுல அந்த இடத்துல கம்பி போகுது. படம் எடுத்துக் கீழ போட்டிருக்கேன். இன்னிக்கு ராத்திரி புதுக் கேபிளெல்லாம் கட்டி முடிச்சு ஆன் பண்ணி, மழை ஊருக்குள்ள போய்ப் பாத்துட்டுச் சொல்றேன்.

தேன்சிட்டு

முதல் முறை ஆன் பண்ணும்போது சாட்டா எஸ்எஸ்டியை மாட்டாமல் பயாஸ் வரை போய்ப் பாருங்கள். அதில் முக்கியமான ஃபைல் இருந்தால், இப்போதே நண்பர் மெஷினில் போட்டு ஒரு நகல் எடுத்துவிடுங்கள். கோளாறு வந்த நாள் முதல் அந்த டிஸ்க் எழுதிக்கொண்டிருந்தபோதே பல தடவை கரண்ட் போயிருக்கிறது. டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் விவரங்களில் எதிர்பாராமல் மின்சாரம் போன எண்ணிக்கை ஒரு வரியாக இருக்கும். அதையும் பிழை வரிகளையும் பார்த்து இங்கே போடுங்கள்.